பாய்மர மோகம் பறித்த உயிர்கள்

1878-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. மாலை 4 மணி ஆகப் போகிறது.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வைட் தீவை ஒட்டி ஒரு போர்க் கப்பல் வந்துகொண்டிருந்தது. அதன் பெயர் "யூரிடிசி". எல்லாப் பாய்களையும் விரித்துக்கொண்டு, அன்னப்பறவை போல அது வந்தது. கரையில் நின்றவர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

கப்பலில் 300-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மீசை அரும்பும் வயதுப் பிள்ளைகள். கப்பல் தொழில் பழகுவதற்காக முந்தின ஆண்டு நவம்பர் மாதம் புறப்பட்டவர்கள். மேற்கிந்தியத் தீவுகளையும் பெர்முடா தீவையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். போர்ட்ஸ்மவுத் துறைமுகம் இன்னும் சில மைல் தூரம்தான்.

தீவின் உயரமான பாறைகளுக்குப் பின்னால் ஒரு கருமேகம் திரண்டது. பாறை மறைத்ததால் கப்பலில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. திடீரென்று பனிப்புயல் பாய்ந்தது. விரித்த பாய்களைச் சுருட்ட நேரம் இல்லை. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் பீரங்கித் துவாரங்களின் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் வழியே கடல் உள்ளே புகுந்தது.

சில நிமிடங்கள்தான். கப்பல் மூழ்கிவிட்டது. பனி விலகியபோது பாய்மர உச்சிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

அந்த வழியாக வந்த "எம்மா" என்ற சிறு வணிகக் கப்பல் 5 பேரைத் தூக்கி எடுத்தது. குளிரில் விறைத்துப்போன அவர்களில் 3 பேர் பிழைக்கவில்லை. ஆக, உயிர் தப்பியவர்கள் இரண்டே பேர்!

கரையில் நின்று அந்தக் கப்பலைப் பார்த்தவர்களில் ஒரு மூன்று வயதுக் குழந்தையும் உண்டு. தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியான வின்ஸ்டன் சர்ச்சில். அந்தக் காட்சியைத் தமது சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார்.

விசாரணை நடந்தது. யார் மீதும் குற்றம் இல்லை, திடீர்ப் புயலே காரணம் என்று தீர்ப்பு வந்தது. புயல் காரணம்தான். ஆனால் புயல் மட்டுமா காரணம்? நீராவிக் கப்பல்கள் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இயந்திரமே இல்லாத, 1843-ல் கட்டிய ஒரு பழைய பாய்மரக் கப்பலில், தொழில் பழகாத பிள்ளைகளை ஏற்றி அனுப்பியது ஏன்? இந்தக் கேள்விக்குத் தீர்ப்பில் பதில் இல்லை.

ஆள் பிடிக்கும் கூட்டம்

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். உலகத்திலேயே பெரிய கடற்படை அவருடைய கடற்படை. ஆனால் அவர் பட்டத்துக்கு வந்தபோது, அந்தக் கடற்படைக்கு நிரந்தரமான மாலுமிகளே கிடையாது என்றால் நம்ப முடிகிறதா?

அதுதான் உண்மை. ஒரு கப்பல் கடலுக்குப் புறப்பட வேண்டுமானால், அதன் தலைவர் ஊர் ஊராக விளம்பரம் ஒட்டி ஆள் சேர்க்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துக் கப்பல் திரும்பி வந்ததும் கணக்கைத் தீர்த்து எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். அறுவடை முடிந்ததும் கூலி ஆட்கள் கலைவதுபோல மாலுமிகள் கலைந்துவிடுவார்கள். அடுத்த கப்பலுக்கு மறுபடியும் ஆள் தேட வேண்டும்.

அதற்கு முன்பு நெப்போலியனோடு சண்டை நடந்த காலத்தில் இன்னும் மோசம். 1815 வரை தெருவில் போகிறவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் கூட்டமே இருந்தது. "பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான்" என்று நம் ஊரில் குழந்தைகளைப் பயமுறுத்துகிறோம் அல்லவா? இங்கிலாந்தின் துறைமுக ஊர்களில் அது வெறும் பயமுறுத்தலாக இருக்கவில்லை.

1853-ம் ஆண்டில்தான் இந்த முறை மாறியது. சிறு வயதிலேயே பையன்களைச் சேர்த்துக்கொள்வது, 18 வயது ஆனதும் அவர்கள் 10 ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்வது என்று ஏற்பாடு வந்தது. 14, 15, 16 வயதுப் பையன்கள் சேர்ந்தார்கள். தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்தில் பையனுடைய வாழ்க்கையில் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் கடற்படைக்குப் போய்விடும்.

பையனுக்குச் சம்பளம் ஒரு நாளைக்கு 6 பென்ஸ். கொஞ்சம்தான். ஆனால் சாப்பாடு உண்டு. துணி உண்டு. நீண்ட காலம் வேலை பார்த்தால் ஓய்வு ஊதியமும் உண்டு. அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் என்று நினைக்காத ஏழைப் பெற்றோர் எந்த நாட்டில்தான் இல்லை?

கரையோரத்துக் கப்பல் பள்ளிகள்

பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தரையில் பள்ளிக்கூடம் கட்டவில்லை. போருக்கு உதவாத பழைய மரக் கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு, அவற்றையே பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். 1854-ல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் "இல்லஸ்ட்ரியஸ்" என்ற கப்பலில் இது தொடங்கியது. பிறகு "இம்ப்ளாக்கபிள்", "இம்பிரெக்னபிள்", "செயிண்ட் வின்சென்ட்", "கங்கை" என்று பல கப்பல்கள் வந்தன.

"கங்கை" என்ற பெயரைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். அது நம் நாட்டுக் கப்பல்தான்! 1821-ல் பம்பாயில் வாடியா என்னும் பார்சி குடும்பத்தார் கட்டிய கப்பல். மலபார் காட்டுத் தேக்கினால் ஆனது. 84 பீரங்கிகள் தாங்கியது. 1866-ல் அது இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்தில் பயிற்சிக் கப்பல் ஆயிற்று. இங்கிலாந்து ஓக் மரக் கப்பல்கள் உளுத்துப்போகும். நம் தேக்கு உளுக்காது. அந்தப் பெருமையை வெள்ளைக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அதே குடும்பத்தார் 1817-ல் கட்டிய இன்னொரு கப்பலுக்குத் திருகோணமலையின் பெயர். "டிரிங்கோமலி" என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். விக்டோரியா காலத்தில் அதுவும் பயிற்சிக் கப்பலாக இருந்தது. 200 வயதைத் தாண்டிய அந்தக் கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் தண்ணீரில் மிதக்கிறது.

"இம்ப்ளாக்கபிள்" கதை இன்னும் வேடிக்கையானது. அது ஒரு பிரெஞ்சுக் கப்பல். 1805-ல் டிரபால்கர் போரில் இங்கிலாந்துக்கு எதிராகச் சண்டை போட்டது. பிறகு பிடிபட்டது. எதிரியின் கப்பலிலேயே இங்கிலாந்துப் பையன்கள் பாடம் படித்தார்கள்.

பையனின் பாடு

கப்பலில் ஏறியதும் பையனைக் குளிக்கச் சொல்வார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டுவார்கள். சீருடை கொடுப்பார்கள். ஒவ்வொரு துணியிலும் தன் பெயரைத் தானே நூலால் தைக்க வேண்டும். வீட்டில் அம்மா பொத்தான் தைத்துக் கொடுத்துப் பழகியவன், இங்கே ஊசியும் நூலுமாக உட்கார்ந்து விரலைக் குத்திக்கொள்வான்.

படுக்கை, நம் வீட்டுத் தூளி போன்றது. கித்தான் துணியில் செய்து, மேல்தளத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவது. ஒருவனுக்கு அகலத்தில் 14 அங்குல இடம் என்பது பழைய கணக்கு. ஒருவன் புரண்டால் பக்கத்துத் தூளியும் ஆடும். விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். தூளியை அவிழ்த்து, வாழைத்தண்டு போல இறுக்கிச் சுருட்டி, அதற்கென்று உள்ள இடத்தில் வைக்க வேண்டும். பிறகு வெறுங்காலோடு தளத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மழையா, பனியா என்ற பேச்சே இல்லை.

அடுத்தது பாய்மரம் ஏறுவது.

இதுதான் பையன்களின் வயிற்றைக் கலக்கும் பாடம். பாய்மரத்தின் இரண்டு பக்கமும் கயிற்றில் பின்னிய ஏணி இருக்கும். அதில் வெறுங்காலோடு ஏற வேண்டும். தென்னை மரம் போல இரண்டு மூன்று பங்கு உயரம். உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும். கடைசியாக இறங்குகிறவனுக்குத் திட்டு. சில வேளை அடி. பழகிய பையன்கள் அணில்போல ஓடுவார்கள். புதிய பையன் பாதி வழியில் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவான். கீழேயிருந்து கத்துவார்கள். அழுதுகொண்டே மறுபடியும் ஏறுவான்.

முடிச்சுப் போடுவது, திசைகாட்டி படிப்பது, ஆழம் பார்ப்பது, படகு தள்ளுவது, வாள் வீசுவது, துப்பாக்கி சுடுவது, நீந்துவது என்று மற்றப் பாடங்கள் உண்டு. எழுதப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் ஆண்டு அளவில் இந்தப் படிப்பு முடியும். பிறகு சில வாரங்கள் இரண்டு பாய்மரம் உள்ள சிறு கப்பலில் கரையோரமாகப் போய்ப் பழகுவார்கள்.

சாப்பாடு? இரும்பாக இறுகிய பிஸ்கோத்து, உப்பில் ஊறிய இறைச்சி, பட்டாணி சூப், கோக்கோ. பிஸ்கோத்தில் வண்டு இருக்கும். தட்டி உதிர்த்துவிட்டுத் தின்பார்கள். பிறகு தகர டப்பாவில் அடைத்த ஆட்டிறைச்சி வந்தது. 1867-ல் ஆல்டன் என்ற ஊரில் பானி ஆடம்ஸ் என்ற 8 வயதுச் சிறுமியை ஒருவன் கொடூரமாகக் கொன்றான். நாடே துடித்த அந்தக் கொலையை வைத்துக்கூட மாலுமிகள் நையாண்டி செய்தார்கள். டப்பா இறைச்சிக்கு "பானி ஆடம்ஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்! கல்மனம் படைத்த வேடிக்கைதான். ஆனால் அந்த இறைச்சி எப்படி இருந்திருக்கும் என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்குத் தினமும் தண்ணீர் கலந்த ரம் சாராயம் உண்டு. விக்டோரியா காலத்தின் நடுவில் அதன் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். அடியோடு நிறுத்தியது 1970-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதிதான்.

நல்லதையும் சொல்ல வேண்டும்

இந்தக் கடற்படையை முழுவதும் கொடுமைக்கூடம் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் அது நியாயம் அல்ல.

தெருவில் அலைந்து திரிந்திருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அது தொழில் கொடுத்தது. எழுத்தறிவு கொடுத்தது. 1857-ல் மாலுமிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சீருடை வந்தது. (அந்தச் சீருடையின் கழுத்துப் பட்டையில் உள்ள மூன்று வெள்ளைக் கோடுகள் தளபதி நெல்சனின் மூன்று வெற்றிகளைக் குறிக்கின்றன என்பார்கள். அது கட்டுக்கதை.) முதுகுத் தோலை உரிக்கும் கசையடி, அமைதிக் காலத்தில் கூடாது என்று 1871-லும், போர்க் காலத்திலும் கூடாது என்று 1879-லும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் பையன்கள் மட்டும் பிரம்படியிலிருந்து தப்பவில்லை. பெரியவனை அடிக்கக் கூடாது, சிறியவனை அடிக்கலாம் என்பது என்ன நியாயமோ!

ஆக்னஸ் வெஸ்டன் என்ற ஒரு பெண்மணியையும் மறக்கக் கூடாது. சம்பளம் வாங்கிக் கரையில் இறங்கும் மாலுமியைச் சாராயக் கடைகள் வழிமறித்து நிற்கும். இதைக் கண்டு மனம் நொந்த இவர், 1876-ல் டெவன்போர்ட் துறைமுகத்தில் மாலுமிகள் தங்கச் சத்திரம் திறந்தார். 1881-ல் போர்ட்ஸ்மவுத்திலும் திறந்தார். கப்பல்களில் இருந்த பிள்ளைகளுக்கு மாதாமாதம் கடிதம் அனுப்பினார். 1918-ல் அவர் இறந்தபோது கடற்படை முழு மரியாதையோடு அடக்கம் செய்தது. அதற்குமுன் எந்தப் பெண்ணுக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஆகவே குறை பயிற்சி கொடுத்ததில் இல்லை. எதில் பயிற்சி கொடுத்தார்கள் என்பதில்தான் குறை.

இயந்திரம் வந்த பிறகும்...

1860-ம் ஆண்டிலேயே "வாரியர்" என்ற இரும்புக் கப்பலை இங்கிலாந்து கடலில் இறக்கிவிட்டது. அதில் நீராவி இயந்திரம் உண்டு. ஆனாலும் பாய்மரங்களை எடுக்கவில்லை. அதற்கு அப்போது காரணம் இருந்தது. அந்தக் கால இயந்திரங்கள் நிலக்கரியை மலைமலையாக விழுங்கின. தூரதேசங்களில் நிலக்கரி கிடைக்காது. பாய் இருந்தால் காற்றில் போகலாம். காற்றுக்குக் காசு இல்லை.

நாளாக ஆக இயந்திரங்கள் திருந்தின. நிலக்கரித் துறைகள் பெருகின. ஆனால் தளபதிகளின் மனம் திருந்தவில்லை. அவர்கள் எல்லோரும் பாய்மரத்தில் ஏறி வளர்ந்தவர்கள். "பாய்மரம் ஏறாதவன் மாலுமி அல்ல" என்பது அவர்களுடைய வேதவாக்கு.

இந்த மோகத்துக்கு 1870-லேயே ஒரு பெரும் பலி விழுந்தது. "கேப்டன்" என்ற புதிய இரும்புக் கப்பல். சுழலும் கோபுரத்தில் பீரங்கிகளை வைத்த புதுமையான கப்பல். உடல் தாழ்ந்தது. அதன்மேல் உயரமான பாய்மரங்களை நட்டார்கள். தலை கனத்துப்போன அந்தக் கப்பல் செப்டம்பர் 7-ந் தேதி அதிகாலையில் ஸ்பெயின் அருகே காற்றில் கவிழ்ந்தது. 470-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தப்பியவர்கள் 18 பேர். கப்பலைத் திட்டமிட்ட கூப்பர் கோல்ஸ் அதில் இருந்தார், அவரும் மாண்டார். கடற்படை மந்திரி சில்டர்ஸின் மகனும் அதில் போனான். மந்திரி வீட்டிலேயே இழவு விழுந்த பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டாமா?

ஓரளவு வந்தது. 1871-ல் "டிவாஸ்டேஷன்" என்ற போர்க் கப்பல் இறக்கப்பட்டது. பாயே இல்லாத முதல் பெருங்கடல் போர்க் கப்பல் அதுதான். "இது மூழ்கிப்போகும்" என்று பலர் சாபமிட்டார்கள். அது மூழ்கவில்லை. 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

இனி வரப்போகும் கப்பல் எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கப்பலில் வேலை செய்யப்போகும் பிள்ளைகளுக்கு மட்டும் தாத்தா காலத்துப் பாடம்! அதனால்தான் 1877-ல் "யூரிடிசி"யைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

இரண்டு மாதத்தில் கேளிக்கை, இரண்டு ஆண்டில் இன்னொரு பலி

"யூரிடிசி" மூழ்கி இரண்டு மாதம் ஆயிற்று. மே 25-ந் தேதி லண்டனில் "பினபோர்" என்ற இசை நாடகம் அரங்கேறியது. கப்பலே ஏறாத ஒருவர் கடற்படை மந்திரி ஆகிவிடும் கதை. கேலி யாரைப் பற்றியது என்று ஊருக்கே தெரிந்தது. அப்போதைய கடற்படை மந்திரி டபிள்யூ. எச். ஸ்மித், புத்தகக் கடை முதலாளி! லண்டன் விழுந்து விழுந்து சிரித்தது.

சிரித்ததில் தவறில்லை. நல்ல நாடகம்தான். ஆனால் சிரிப்போடு ஒரு கேள்வியும் எழுந்திருக்கலாம். மூழ்கிய கப்பலுக்குப் பதில் என்ன செய்யப்போகிறார்கள் என்று யாராவது உரக்கக் கேட்டிருக்கலாம்.

என்ன செய்தார்கள் தெரியுமா? "ஜூனோ" என்ற இன்னொரு பழைய கப்பலை எடுத்தார்கள். அது 1844-ல் கட்டியது. அதாவது, மூழ்கிய கப்பலைவிட ஒரே ஒரு வயதுதான் இளையது. "அடலாண்டா" என்று பெயரை மாற்றினார்கள். அதிலும் இயந்திரம் இல்லை. அதிலும் பிள்ளைகளை ஏற்றினார்கள்.

1880-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி "அடலாண்டா" பெர்முடாவை விட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. கப்பலில் 281 பேர். பிப்ரவரி போயிற்று. மார்ச் போயிற்று. கப்பல் வரவில்லை. தாய்மார்களும் மனைவிமார்களும் துறைமுக அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார்கள். கடற்படைக் கப்பல்கள் அட்லாண்டிக் கடலைச் சல்லடை போட்டுத் தேடின. ஒரு பலகை கிடைக்கவில்லை. ஓர் உடல் கிடைக்கவில்லை.

"யூரிடிசி"க்காவது இரண்டு பேர் வந்து நடந்ததைச் சொன்னார்கள். "அடலாண்டா"வுக்குச் சொல்ல ஆள் இல்லை. இன்றுவரை அது எங்கே, எப்படிப் போயிற்று என்பது யாருக்கும் தெரியாது.

அரண்மனைப் பிள்ளைகள்

இங்கே இன்னொரு கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மகாராணியின் பேரப் பிள்ளைகள் இருவர், ஆல்பர்ட் விக்டரும் ஜார்ஜும், அதே காலத்தில்தான் கடல் தொழில் பழகினார்கள். ஜார்ஜ் பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆனவர். அதிகாரிகள் ஆகப்போகும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கென்று டார்ட்மவுத்தில் "பிரிட்டானியா" என்ற தனிப் பயிற்சிக் கப்பல் இருந்தது. அங்கே இருவரும் 1877 முதல் 1879 வரை படித்தார்கள். பிறகு உலகம் சுற்றப் புறப்பட்டார்கள்.

எந்தக் கப்பலில்? "பாக்கண்ட்" என்ற கப்பலில். அது 1876-ல் கடலில் இறங்கிய புத்தம் புதுக் கப்பல். பாயும் உண்டு, நல்ல நீராவி இயந்திரமும் உண்டு. அரியணைக்கு வாரிசுகளான இருவரையும் ஒரே கப்பலில் அனுப்பலாமா என்று மந்திரி சபையிலேயே விவாதம் நடந்தது. மகாராணியின் கவலையைத் தீர்க்க, கப்பலைப் புயலில் ஓட்டிச் சோதித்துப் பார்த்தார்கள் என்றும் சொல்வதுண்டு.

இதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பாட்டி என்றால் பேரப் பிள்ளைக்காகக் கவலைப்படத்தான் செய்வாள். ஆனால் "அடலாண்டா"வில் போன பிள்ளைகளுக்கும் பாட்டிகள் இருந்தார்கள். அவர்களுடைய கவலையைப் பற்றி விவாதிக்க மந்திரி சபை கூடவில்லை.

தளபதிகள் சொன்ன சமாதானம்

பாய்மரப் பயிற்சிக்கு ஆதரவாகத் தளபதிகள் சொன்ன வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. "புயலில் ஆடும் கப்பலில் நூறடி உயரத்தில் நின்று பாயைச் சுருட்டியவனுக்குப் பிறகு எதைக் கண்டும் பயம் வராது. கை உறுதி, கண் கூர்மை, ஒற்றுமை, கட்டுப்பாடு எல்லாம் அதில் வரும்" என்றார்கள். உண்மைதான். "நீராவிக் கப்பல் மட்டும் மூழ்காதா?" என்றும் கேட்டார்கள். அதுவும் உண்மைதான். மகாராணியின் பெயரையே தாங்கிய "விக்டோரியா" என்ற நீராவிப் போர்க் கப்பல், 1893-ம் ஆண்டு ஜூன் மாதம் சொந்தப் படைக் கப்பலோடேயே மோதி மூழ்கியது. 358 பேர் இறந்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "விக்டோரியா"வைக் கெடுத்தது தளபதி கொடுத்த தவறான உத்தரவு. அந்தக் கப்பலைக் கட்டியது தேவைக்காக. "யூரிடிசி"யும் "அடலாண்டா"வும் எந்தத் தேவைக்காகப் போயின? எந்த எதிரியை விரட்ட? எந்தச் சரக்கைக் காக்க? துணிவு பழகுவதற்கு நங்கூரம் போட்ட கப்பலின் பாய்மரம் போதாதா? இயந்திரம் உள்ள கப்பலில் பாயும் கட்டிப் பழகக் கூடாதா?

கூடும் என்று அவர்களே பிறகு காட்டினார்கள். 1885-ல் அமைத்த பயிற்சிப் படைப்பிரிவில் பாயும் இயந்திரமும் சேர்ந்த கப்பல்களையே வைத்தார்கள். இதை 1877-ல் செய்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு எரிந்திருக்கும்!

அதற்குள் கடற்படையின் வேலையே மாறிவிட்டது. கப்பலின் அடிவயிற்றில், உலை வெப்பத்தில், நிலக்கரி அள்ளிப் போடும் தொழிலாளிதான் கப்பலை ஓட்டினான். அவனைப் பாய்மர மாலுமி மதிக்கவில்லை. இயந்திரப் பொறியாளரைப் பாய்மர அதிகாரி தமக்குச் சமமாக நினைக்கவில்லை. எந்தக் கப்பல் எத்தனை நிமிடத்தில் பாய் மாற்றியது என்று போட்டி நடந்தது. பீரங்கி சுட்டால் குறியில் படுகிறதா என்று பார்க்க அவ்வளவு அக்கறை இல்லை. 1899-ல் பெர்சி ஸ்காட் என்ற அதிகாரி தம் கப்பலில் புதுமுறையில் பயிற்சி கொடுத்து, 100 குண்டுக்கு 80 குறியில் விழும்படி செய்தபோது மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதுவரை பிள்ளைகளின் உழைப்பு எங்கே போயிற்று என்பதை அந்த ஒரு கணக்கே காட்டிவிட்டது.

அதே 1899-ல்தான் பாய்மரப் பயிற்சிப் படைப்பிரிவைக் கலைத்தார்கள். ஆனாலும் தூரதேசத்துச் சிறு போர்க் கப்பல்களில் பாய் இருந்தது. மகாராணி இறந்த 1901-ம் ஆண்டின் டிசம்பரில் "காண்டர்" என்ற கப்பல் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டது. நீராவியும் பாயும் கொண்ட கப்பல் அது. "அடலாண்டா" போலவே அதுவும் எல்லோரையும் கொண்டு மறைந்துபோயிற்று. அதன் பிறகே அந்தச் சிறு கப்பல்களிலும் பாய்களைக் கழற்றினார்கள்.

இலங்கையில் பிறந்தவர் கொண்டுவந்த மாற்றம்

கடற்படையைத் தலைகீழாக மாற்றியவர் ஜான் பிஷர். 1841-ல் இலங்கையில் ரம்பொடை என்ற மலையூரில் பிறந்தவர். தகப்பனார் காப்பித் தோட்டக்காரர்.

1854-ல் 13 வயதில் கடற்படையில் சேர்ந்தார். அவருக்கு நடந்த நுழைவுத் தேர்வை அவரே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஒரு ஜெபத்தை எழுதச் சொன்னார்கள். ஒரு கணக்குப் போடச் சொன்னார்கள். துணி இல்லாமல் ஒரு நாற்காலியைத் தாண்டச் சொன்னார்கள். தேறிவிட்டார்! அவர் ஏறிய முதல் கப்பல் "கல்கத்தா". அதுவும் பம்பாயில் கட்டிய தேக்குக் கப்பல்தான். இயந்திரம் இல்லாத கப்பல். சேர்ந்த அன்றே 8 பேருக்குக் கசையடி கொடுப்பதைப் பார்த்து மயங்கி விழுந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பையன்தான் 1904-ல் கடற்படையின் தலைமைத் தளபதி ஆனார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அதிகாரிப் பிள்ளைகளும் பொறியாளர் பிள்ளைகளும் ஒரே இடத்தில் சேர்ந்து படிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். உதவாத பழைய கப்பல்களைக் கழித்துத் தள்ளினார். பையன்களின் பயிற்சியும் கப்பலை விட்டுத் தரைக்கு மாறத் தொடங்கியது.

"கங்கை" கப்பலின் பையன்களும் 1905-ல் ஷாட்லி என்ற ஊரில் கரையேறினார்கள். புதிய கட்டடங்கள், வகுப்பறைகள் எல்லாம் வந்தன. இரண்டு ஆண்டு கழித்து அங்கே மைதானத்தின் நடுவே 143 அடி உயரப் பாய்மரம் ஒன்றையும் நட்டார்கள். கீழே வலை கட்டினார்கள். ஒவ்வொரு பையனும் அதில் ஏறியாக வேண்டும். விழா நாட்களில் ஒரு பையன் உச்சியில் உள்ள சிறு வட்டப் பலகையில் பிடிமானம் இல்லாமல் நிமிர்ந்து நின்று சலாம் போடுவான். அதற்கு அவனுக்கு ஒரு வெள்ளிக்காசு பரிசு. அந்தப் பள்ளி 1976-ல் மூடப்பட்டது.